வெட்டிய இடத்தில் ஒரு குரல்

அந்தச் சுரங்கப்பாதையில் வேலைக்குப் போட்ட அன்று, மெதுவா மேடத்துக்கு அது ஒரு தண்டனையாகத் தோன்றவில்லை. வெளியே தார் இளகும் வெயில். உள்ளே நிழல். நாள் முழுக்க நடுரோட்டில் நின்று வறுபட்டவளுக்கு நிழல் என்றால் சும்மாவா?

ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே குடைந்து போட்ட பாதை அது. இரண்டு முனையிலும் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும். நடுவில் பட்டப்பகலிலும் மஞ்சள் விளக்கு எரியும். சுவரெல்லாம் ஈரம். பழைய சிமெண்டும் வண்டிப் புகையும் காயாத துணியும் கலந்த மாதிரி ஒரு வாடை. பாதி தூரத்தில், பழுதான வண்டிகளை ஓரங்கட்டுவதற்காகச் சுவரை உள்வாங்கிக் கட்டிய ஓர் ஒதுக்கிடம் இருந்தது. இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்துகிறவர்களை அங்கே நிறுத்தித்தான் விசாரிக்க வேண்டும்.

'மெதுவா மேடம்' என்பது ஸ்டேஷனில் வைத்த பெயர். எதிரே நிற்கிறவன் குடித்திருந்தாலும் சரி, அமைச்சருக்குச் சொந்தக்காரன் என்று மிரட்டினாலும் சரி, அவள் வாயிலிருந்து முதலில் வருவது, "மெதுவா, மெதுவா பேசுங்க" என்பதுதான். இத்தனை வருஷ சர்வீஸில் அவள் மேல் ஒரு புகார் கிடையாது. போக்குவரத்துப் போலீசில் அது ஏறக்குறைய நம்ப முடியாத விஷயம். மேடத்துக்குக் கோப நரம்பையே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

அவளோடு வந்த ஏட்டு சுரங்கத்தின் வாயிலிலேயே நின்றுகொண்டார்.

"நான் வெளிய நிக்கறேன் மேடம். கோடு தாண்டுற வண்டியப் பாத்து விசில் குடுக்கறேன். நீங்க உள்ள புடிங்க."

"உள்ள வாங்க ஏட்டையா, நிழலா இருக்கு."

"எனக்கு வெயில்தான் ஒத்துக்கும்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க போட்ட எல்லார் மேலயும் கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு மேடம். ஒருத்தர் பாக்கியில்ல. சாதுவான ஆளுகூட உள்ள போனா கைகலப்பாயிட்டுத்தான் வர்றான். அதான் உங்கள அனுப்பியிருக்காங்க."

"எக்கோ அடிக்குதுல்ல. ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. கத்துவாங்க. கத்தினா சண்டைதான்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் ஏட்டு, சுரங்கத்துக்குள் பார்க்காமலேயே.

காலையில் ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து வண்டிகளை நிறுத்தினாள். சிலர் கெஞ்சினார்கள், சிலர் முறைத்தார்கள், எல்லாரும் போனார்கள். ஒன்று மட்டும் அவள் கவனித்தாள். யார் பேசினாலும் எதிரொலி வந்தது. ஆனால் இரண்டு பேரும் வாயை மூடிய பிறகும், யாரோ பேச ஆரம்பிப்பதற்கு முன் மூச்சை இழுப்பது போல, ஒரு கணம் ஏதோ மிச்சமிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'லாபாயிண்ட்' வந்தான். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் போலீஸ்காரர்கள் வைத்த பெயர்.

அவனைத் தெரியாத போக்குவரத்துப் போலீஸ் அந்த ஊரில் கிடையாது. ஹெல்மெட்டில் ஒரு கேமரா, கையில் ஒரு போன். போலீஸ் நிற்கும் இடமாகப் பார்த்து, மாட்டிக்கொள்கிற அளவுக்கு மட்டும் ஒரு தப்பைச் செய்வான். நிறுத்தினால், "எந்தச் சட்டப்படி நிறுத்தினீங்க?" என்று ஆரம்பிப்பான். எதிரே இருப்பவர் பொறுமை இழக்கும்வரை விடமாட்டான். இழந்ததும், அந்த முகம் அன்று மாலை ஊர் முழுக்கச் சுற்றும். அதற்கென்றே அவனுக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள்.

அவள் கண்ணெதிரே, நிதானமாக, இரட்டைக் கோட்டைத் தாண்டி வந்தான். அவள் கை காட்டியதும் ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்திப் போனைத் தூக்கினான்.

"மேடம், கேமரா ஓடிட்டிருக்கு. மக்கள் பாக்கறாங்க. என்னை எதுக்கு நிறுத்துனீங்க?"

"என் சட்டையிலயும் ஒன்னு ஓடுது தம்பி." அவள் மார்பில் மாட்டியிருந்த பாடி கேமராவைத் தொட்டுக் காட்டினாள். "கோட்டைத் தாண்டி வந்தீங்க. மெதுவா பேசுவோம்."

"சாவியப் புடுங்கலையா? உங்காளுங்க முதல்ல அதத்தான செய்வாங்க."

"வண்டி உங்களுது, சாவி உங்களுது. எனக்கெதுக்கு?"

"கை நீட்ட மாட்டீங்களா? பழக்கம் விட்டுப்போச்சா?"

அவள் சிரித்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க. என்கிட்ட பாட்டில் இருக்கு, ஒரு வாய் தண்ணி குடிங்க. லைசென்ஸ் பாத்துட்டு அனுப்பிடறேன்."

இன்றைய வீடியோ தேறாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. போனைச் சற்றுத் தாழ்த்தினான்.

அப்போது மேலே ரயில் போனது. தரை அதிர்ந்தது. விளக்கின் மேலிருந்து தூசி உதிர்ந்தது. இரும்பின் இரைச்சல் சுரங்கத்தை நிரப்பி, வடிந்து, ஓய்ந்தது.

அதற்குப் பின் வந்த அமைதியில் அவன் பேசினான். கத்தவில்லை. நெருங்கியவர்களிடம் பேசுவது போல, தணிந்த குரலில்.

"காலையில எந்திரிச்சதும் உன் புருஷனுக்கு மூச்சு ஓடுதான்னு எட்டிப் பாக்கறியே. ஓடுதுன்னு தெரிஞ்சதும் உனக்குள்ள ஒரு ஏமாத்தம் வருதே. அது அவனுக்குத் தெரியாதுன்னா நெனச்சிட்டிருக்க?"

இது யாருக்கும் தெரியாது.

பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அவள் கணவருக்குப் பேச்சில்லை, வலது பக்கம் அசைவில்லை. துடைத்து, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டு, அதன்பின் சீருடை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவள் அவள். சில காலைகளில், சில காலைகளில் மட்டும், அந்த எண்ணம் வந்திருக்கிறது. வந்த வேகத்தில் அதை மிதித்திருக்கிறாள். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதுகூட.

அவள் கை எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. அறைந்த சத்தம் இரண்டு முனைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அவன் வலியால் கத்தவில்லை. அறை விழும் முன்பே அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் காலரைப் பிடித்தான். அவளும் அவன் சட்டையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"யார் சொன்னது உனக்கு?"

ஏட்டு ஓடி வந்து பிரித்துவிட்டார்.

மாலைக்குள் வீடியோ எல்லா இடத்திலும் இருந்தது. சிரித்த முகத்தோடு தண்ணீர் தருகிறேன் என்கிறாள். ரயில் போகிறது. படம் ஒரு துளி குதிக்கிறது. அறைகிறாள். அந்தக் குதிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. இனிக்க இனிக்கப் பேசி அடிக்கிறாள் பார் என்று ஊர் காறித் துப்பியது. மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

"படத்த எங்கயோ வெட்டியிருக்கான்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அவன் ஏதோ அசிங்கமாச் சொல்லியிருக்கான். உங்க கேமராவுல இருக்குமே, அத எடுத்துக் குடுங்க. ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

"சார்ஜ் இல்ல சார். பதிவாகல."

அவள் மேலதிகாரியிடம் சொன்ன முதல் பொய் அது. மெமரி கார்டு வீட்டு பீரோவில், துணிகளுக்கு அடியில் இருந்தது. ஒரே ஒரு தடவை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதைப் போட்டுப் பார்த்திருந்தாள். அவன் குரல்தான். அதே வார்த்தைகள்தான். ஆனால் கேமரா மார்பு உயரத்தில் இருந்ததால் படத்தில் அவனது கழுத்து வரைக்கும்தான் விழுந்திருந்தது. அவன் வாய் அசைந்ததா என்று பார்க்க முடியவில்லை.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில், அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கணவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் பெண் கதவைத் திறந்துவிட்டு, ஆளை அடையாளம் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். "போன் எடுத்துட்டு வரல மேடம். செக் பண்ணிக்குங்க."

வெறுங்கையோடு பார்க்கையில் அவன் ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிந்தான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எங்கப்பா விஷயத்த உங்களுக்கு யார் சொன்னா?"

"எந்த அப்பா? உங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாது."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எங்கப்பா லாரி டிரைவர். சின்ன வயசுல ஒரு தடவ என்னையும் லோடுக்குக் கூட்டிட்டுப் போனாரு. வழியில ஒரு போலீஸ்காரரு நிறுத்தினாரு. என்ன தகராறோ தெரியல, அப்பாவ ரோட்டுல முட்டி போட வெச்சுட்டாரு. அப்பா அவரு காலப் புடிச்சுக்கிட்டு, 'கூட கொழந்த இருக்கான் சார், பாருங்க'ன்னு சொல்லி என்னக் கூப்பிட்டாரு. 'வெளிய வா கண்ணு, சாருக்கு முகத்தக் காட்டு'ன்னு." சட்டை நுனியைச் சுருட்டினான். "நான் சீட்டுக்கு அடியில பூந்துக்கிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் வரல. எங்கம்மாவுக்குக்கூட இது தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு."

அவள் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சொன்னீங்க மேடம். ரயில் போனப்புறம், சிரிச்ச முகத்தோட. 'உங்கப்பன் கூப்பிட்டப்ப வெளிய வராதவன், இப்ப ஊருக்கு வீரம் காட்ட வந்துட்டியா'ன்னு."

"தம்பி, நான் வாயே திறக்கல."

"என் போன்ல இருக்கு. உங்க குரல்."

"அதத்தான் வெட்டிட்டியா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். அந்த ஒரு வரியை வைத்திருந்தால் அவள் இன்னும் மோசமாக மாட்டியிருப்பாள். ஆனால் அவன் சீட்டுக்கு அடியில் ஒளிந்ததும் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

"நீயும் ஒன்னு சொன்ன" என்றாள். "என் கேமராவுல இருக்கு. நானும் யாருக்கும் காட்டல."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் பார்வை படுக்கையறைப் பக்கம் போனது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலின் கால்மாடு தெரிந்தது. அவன் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்துவிட்டு, கேட்ட கேள்வியைத் தானே விழுங்கிக்கொண்டான்.

"சத்தியமா நான் எதுவும் சொல்லல மேடம். தண்ணி வாங்கிக் குடிக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது.

"அப்ப அங்க பேசினது யாரு?" என்று கேட்டான்.



விசாரணைக்கு வந்த அதிகாரி, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் சட்டை மடிப்புக் கலையாத மனிதர். இரண்டு பேர் வாக்குமூலத்தையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுலயும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. நேர்ல போய்ப் பாத்துடலாம். யாரு எங்க நின்னீங்க, என்ன பேசினீங்க, அப்படியே செஞ்சு காட்டுங்க."

"அங்க வேண்டாம் சார்."

புகார் கொடுத்தவனும் புகாருக்கு ஆளானவளும் ஒரே குரலில் சொன்னதை அவர் அதுவரை எந்த விசாரணையிலும் கேட்டதில்லை. "ஏன்?" என்றார். காரணம் சொல்ல இரண்டு பேராலும் முடியவில்லை. அதனால் எல்லாரும் போனார்கள்.

சுரங்க வாயிலில் அவன் அவள் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "அக்கா, உள்ள நான் எது சொன்ன மாதிரி கேட்டாலும் நான் சொல்லலைன்னு நெனச்சுக்குங்க."

"நீயும் அப்படியே நெனச்சுக்க. என்ன ஆனாலும் வாயத் திறக்காத."

செய்து காட்டுவதற்காக அவளை அன்றைக்குப் போலவே சீருடையோடும் விசிலோடும் வரச் சொல்லியிருந்தார்கள். போக்குவரத்தை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏட்டு வழக்கம்போல வெயிலில் நின்றுகொண்டார். அதிகாரியின் ஜீப் மட்டும் உள்ளே வந்து ஒதுக்கிடத்தில் நின்றது. அதை ஓட்டியவர் வயதான மனிதர். அதிகாரி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருப்பவர், அவர் வீட்டுப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

வண்டிகள் இல்லாத சுரங்கம் வேறு மாதிரி இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அந்த வாடை முன்பைவிடக் கெட்டியாக, நாக்கில் படுகிற மாதிரி இருந்தது.

"நீங்க இங்க. நீ அங்க." அதிகாரி கை காட்டினார். "ம், ஆரம்பிங்க."

அவர்கள் ஆரம்பிக்கவில்லை. நின்றார்கள்.

மேலே ரயில் வந்தது. போனது.

அமைதி.

"இன்னைக்குக் காலையிலயும் எட்டிப் பாத்தியே" என்றது லாபாயிண்ட்டின் குரல்.

அவள் அவன் வாயைப் பார்த்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்ணில் நீர் கோத்திருந்தது. அவனும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தான் கீழுதட்டைப் பல்லால் கடித்து வாயை மூடியிருப்பதை அவன் பார்க்கட்டும் என்று முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"நீ ஊட்டுற ஒவ்வொரு வாயும்..." என்று குரல் தொடர்ந்தது. அவன் உதடுகள் அசையவே இல்லை.

இந்த முறை அவள் கை எழவில்லை.

"என்ன சொன்ன?"

இது அதிகாரி. அவர் அவர்களைப் பார்க்கவில்லை. மெல்ல, ரொம்ப மெல்ல, ஜீப் டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். டிரைவரும் அவரை வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"அவ பேர உன் வாயால சொல்லாத" என்றார் அதிகாரி.

"நான் உங்க வீட்டு உப்பத் தின்னவன்தான்யா. அதுக்காக என் பொண்ணப் பத்தி..."

அதிகாரியின் கை இடுப்புத் துப்பாக்கி உறையைத் திறந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து வீல் ஸ்பேனரை உருவினார். அவர் கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மெதுவா" என்றாள் அவள், பழக்கத்தில்.

அதிகாரி திரும்பினார். மெதுவா என்ற ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் காதில் விழுந்தது அந்த வார்த்தை அல்ல என்று தெரிந்தது. துப்பாக்கி உறையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. இப்போது அது அவளுக்காகவும்.

லாபாயிண்ட் "சார்" என்று கூப்பிட வாயெடுத்தான். பாதி எழுத்து வெளியே வந்ததும் டிரைவரின் ஸ்பேனர் அவன் பக்கம் திரும்பியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இங்கே யார் எதைச் சொன்னாலும் அது சொன்னவர் வார்த்தையாகப் போய்ச் சேராது. வழியில் அதைப் பறித்து மாற்ற இங்கே வேறு ஒருவர் காத்திருக்கிறார்.

தோள் கயிற்றில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினாள்.

நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினாள். அந்தக் கூர்மையான சத்தம் சுவரில் மோதி மோதிச் சுரங்கம் முழுக்க நிரம்பியது. டிரைவர் முகத்துக்கு நேரே இடது உள்ளங்கையை நிமிர்த்தினாள்: நில். வலது கையை அதிகாரியை நோக்கி நீட்டி மடக்கினாள்: வா. நாற்சந்தியில் நின்று ஆயிரம் வண்டிகளுக்குக் காட்டியதைப் போல, அவசரமில்லாமல், தெளிவாக.

அதிகாரியும் இளவயதில் நாற்சந்தியில் நின்றவர்தான். அந்தக் கைக்குக் கட்டுப்படாதவனைத் துரத்திப் பிடித்தவர். அவர் கண் ஒரு முறை சிமிட்டியது. ஓர் அடி எடுத்துவைத்தார்.

மூச்சு தீர்ந்தது. காற்றை இழுக்க விசிலை விட்டாள்.

அந்த இடைவெளியில் அது பேசியது. இப்போது அதிகாரியின் குரலில், அவள் காதுக்குப் பக்கத்தில், கணவரைப் பற்றியே. அதிகாரி ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

அதற்குள் லாபாயிண்ட் ஜீப் கதவுக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டான். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அவள் மூச்சு வாங்கும்போது ஹாரன் நிரப்பியது. ஹாரனுக்கு மேல் விசில் ஏறியது. அவள் பின்னோக்கி நடந்தபடியே முதலில் அதிகாரியை வெளிச்சச் சதுரத்துக்கு வரவழைத்தாள். பிறகு டிரைவரை. ஸ்பேனர் வழியில் எங்கோ விழுந்தது. கடைசியாக, ஹாரனை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு லாபாயிண்ட் ஓடி வந்தான்.

வெயிலில் அதிகாரி நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்து கசங்கியிருந்தது. டிரைவர் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். என்ன கேட்டது என்று ஒருவர் மற்றவரிடம் கேட்கவில்லை. ஜீப்பை எடுக்க உள்ளே போக ஆளில்லை. மறுநாள் காலை காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டி இழுத்தார்கள்.

'வாகனங்களை நிறுத்திச் சோதிக்க உகந்த இடம் அல்ல' என்று அதிகாரி அறிக்கை கொடுத்தார். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. லாபாயிண்ட் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஊர் மறக்கவில்லை. கடையில் சாமான் வாங்கப் போனால் முதுகுக்குப் பின்னால் போன் உயர்ந்தது. "தண்ணி குடுத்து அடிக்கிற அம்மா" என்று யாரோ சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள்.

அன்றிரவு சாப்பாடு ஊட்டி முடித்ததும் கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதைவிட, தானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டாள். அந்தக் காலைகளைப் பற்றி, அந்த ஏமாற்றத்தைப் பற்றி, ஒன்றுவிடாமல். அவர் மேலே பார்த்துக்கொண்டே கேட்டார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. பிறகு அவள் கையை அழுத்தினார். தெரியும் என்கிற மாதிரி, ரொம்ப நாளாகத் தெரியும் என்கிற மாதிரி ஓர் அழுத்தம்.

அவள் மெமரி கார்டை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் லாபாயிண்ட் போன் செய்தான்.

"அக்கா, முழு வீடியோவையும் போடப்போறேன். வெட்டாம."

"வேண்டாம்பா. அதுல உங்கப்பா விஷயம் இருக்குல்ல?"

"இருக்கட்டும். நான் வெட்டினதாலதான உங்க பேரு நாறுது. முதல்ல நானே உக்காந்து நடந்ததச் சொல்லிட்டுத்தான் போடுவேன். எங்கப்பா கூப்பிட்டப்ப வெளிய வரல. இப்பவாவது வரேன்."

அவளால் அதற்குமேல் தடுக்க முடியவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அவள் வேலை முடிந்து வீட்டுப் படியேறும்போது மறுபடி போன் அடித்தது. அவன் குரல் அடையாளமே தெரியவில்லை.

"அக்கா, வீடியோவ எடுத்துட்டேன். எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள எல்லாரும் டவுன்லோட் பண்ணி வேற வேற இடத்துல போட்டுட்டாங்க."

"என்னாச்சு? உங்கப்பாவப் பத்தித் தப்பாப் பேசறாங்களா?"

"எங்கப்பாவப் பத்தி ஒருத்தன்கூடப் பேசல." அவன் அழுதான். "அவங்களுக்கு அது கேக்கவே இல்லக்கா. கீழ எழுதியிருக்கறதப் படிக்கறேன் கேளுங்க. 'என் தங்கச்சி விஷயம் இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்?' அடுத்தது ஒருத்தன், 'அந்தக் கதவ நான் பூட்டல, நான் பூட்டல'ன்னு எழுதிக்கிட்டே போறான். எல்லாருக்கும் வேற வேற கேக்குது. எல்லாருக்கும் உங்க குரல்லதான் கேக்குது. அக்கா, உங்க வீடு எங்கன்னு கேக்கறாங்க."

அவள் போனை வைக்கவில்லை. கை தானாகத் தாழ்ந்தது.

உள்ளே, படுக்கையறையிலிருந்து, ரயில் போகும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் கிடையாது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். நர்ஸ் பெண் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். போன் தலையணை மேல், அவர் காதுக்குப் பக்கத்தில் கிடந்தது. படம் முடிந்து திரை கறுத்திருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயாவுக்கும் காட்டலாம்னு போட்டேன்" என்றாள். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் கொழந்தயப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?"

"நான் எதுவும் சொல்லலம்மா. அது நான் இல்ல."

அந்தப் பெண் கேட்டுக்கொள்ளவில்லை. போனையும் பையையும் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டியே நடந்து வெளியே போனாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அறையில் இப்போது போன் இல்லை. டிவி இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

அவள் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அவர் இடது கையைப் பிடித்தாள். அவர் அதை உருவிக்கொண்டார். எத்தனையோ மாதமாக ஒரு கரண்டியைத் தூக்கக்கூடத் திணறும் கை. அவ்வளவு பலம் அதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இனி அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அவரிடம் கேட்கவும் வழியில்லை. அவருக்குப் பேச்சு இல்லை.

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். மெல்லிய குரலில் நிதானமாகப் பேசும் ஒருவரை உன்னிப்பாகக் கேட்கும்போது சாய்ப்பது போல. கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் பயம் இருந்தது. பயத்துக்குக் கீழே அவள் இதுவரை பார்த்திராத வேறு ஒன்றும் இருந்தது.

அவள் இரண்டு கையாலும் தன் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.